அப்பா ஓட்டாத வண்டி

பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் சென்னியப்பன். அவன் வண்டி ஓட்டி அவனுடைய பிள்ளைகள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை அளக்கிறேன் என்பார்கள். நாமக்கல் பக்கம் லாரிக்காரனுக்குப் பெண் கொடுத்த எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதில் என்ன அதிசயம் என்று திருப்பிக் கேட்பார்கள். வண்டி நிற்கிற இடம் ஒன்று, வீடு இருக்கிற இடம் வேறு. லோடு இறக்கித் திரும்பினால் லாரி நாமக்கல்லில் முதலாளியின் ஷெட்டில் நிற்கும். சென்னியப்பன் பஸ் பிடித்து மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்கு வருவான். குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆபீசிலிருந்து போன் வரும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மறுபடி ஊர் மண்ணை மிதிக்க இருபது, இருபத்தைந்து நாளாகும். கேபினில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றக் கூடாதென்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் ஈஸ்வரிடம் அங்கன்வாடி டீச்சர் உங்கப்பா என்ன பண்ணுகிறார் என்று கேட்டதற்கு, ‘தூங்கறாருங்க’ என்றானாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தான், வேறென்ன செய்வது.

அவன் அப்பாவாக இருந்ததெல்லாம் போனில்தான். வடக்கு லைனில் எங்கே வண்டியை ஓரம் கட்டினாலும் வீட்டுக்குப் பேசுவான். சிரா தாண்டியாகிவிட்டது, அடுத்தது சித்ரதுர்கா, அங்கே மலை மேல் வரிசையாகப் பெரிய பெரிய காற்றாடி சுற்றும் என்பான். ஹரிஹரில் துங்கபத்ரா பாலத்தின் மேல் போகும்போது நம்ம காவேரி மாதிரியே தண்ணீர் தெரியும் என்பான். மகள் தீபிகா அதையெல்லாம் கேட்டுக் கேட்டே ஒசூரிலிருந்து பம்பாய் வரைக்கும் ஊர்களை வரிசை தப்பாமல் மனப்பாடம் பண்ணிவிட்டாள். விருந்தாளி வந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டுப் பாடும். தீபிகா ஒசூர், பெங்களூர், தும்கூர், சிரா என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் பம்பாயில் போய் நிற்பாள். வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டுவார்கள்.

அந்தப் போனிலேயே ஒரு வாக்கும் கொடுத்து வைத்திருந்தான். அடுத்த பரீட்சை லீவுக்குப் பம்பாய்க் கடலுக்குப் போகிறோம். ரயிலில் இல்லை, பஸ்ஸில் இல்லை, காரில். அப்பாதான் ஓட்டுவேன், நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வரலாம். இதை ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் வெல்ல லோடு, ஒரு வருஷம் முதலாளி வீட்டுக் கல்யாணம், ஒரு வருஷம் ஊரடங்கு. ஏதாவது ஒன்று குறுக்கே வந்து விழும். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பா ஓட்டுவதைப் பார்க்கப் போகிறோம் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

இந்த வருஷம் தை மாதம் எல்லாம் தலைகீழானது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேலைக்காக லாரி பாடி கட்டும் பட்டறையில் நின்றது. சென்னியப்பன் கையில் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு டயர் டயராகத் தட்டிக் காற்றுச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது டயரைத் தட்டியது ஞாபகமிருக்கிறது. அடுத்து அவனுக்குத் தெரிந்தது சடையனின் முகம். சடையன் அவனோடு எட்டு வருஷம் மாற்று டிரைவராக ஓடியவன். அவன் குனிந்து பார்த்து அழுதுகொண்டிருந்தான். சென்னியப்பனின் வாயோரம் நுரை, சட்டையெல்லாம் மண், நாக்கில் ரத்தம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்களே, அப்படி அவன் உள்ளங்கையில் அகப்பட்டதைத் திணித்திருந்தார்கள். விரித்துப் பார்த்தால் லாரிச் சாவி. அந்தச் சாவியை அவன் தொட்டது அதுதான் கடைசி.

சேலத்தில் பெரிய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து விழுந்ததில் தலையில் பட்ட அடி, உள்ளே தழும்பாக நின்றுவிட்டது என்றார். மாத்திரை தவறாமல் போட வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, இனி ஆயுசுக்கும் லாரி ஓட்டக் கூடாது. கார் என்ன, மொபெட்கூட இப்போதைக்குக் கூடாது. சென்னியப்பன், ‘மாத்திரை சாப்பிட்டா வராதில்லீங்களா’ என்று கேட்டான். வராமலிருக்கலாம், வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். பட்டறையில் வந்தது நடுரோட்டில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். முதலாளி நல்ல மனுஷன், புக்கிங் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். சென்னியப்பன் காலையில் பஸ்ஸில் போய் அதில் உட்கார்ந்து பில் எழுதினான். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தான். முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தினமும் வீட்டில் சாப்பிட்டான், இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்தான்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். அந்த வாரமே தீபிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு கதை சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரேயரில் காக்காய் வலிப்பு வந்துவிட்டதாம். கையும் காலும் இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகிவிட்டதாம். அந்தப் பெண் இவள் பக்கத்து இடம்.

“எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா. டீச்சர்கிட்டச் சொல்லி எடம் மாத்திக்கிட்டேன்,” என்றாள்.

சென்னியப்பன் கையிலிருந்த மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் தள்ளிவிட்டான். மனைவி உஷாராணி அதைப் பார்த்தாள். அன்று முதல் அது சர்க்கரை மாத்திரை ஆனது. அக்கம்பக்கத்துக்கும் அதே பேச்சுத்தான். வலிப்பு என்று ஒரு தடவை வெளியே விழுந்துவிட்டால் பெண்ணுக்கு வரன் பார்க்கிற அன்றைக்கு வரைக்கும் ஊர் அதை மறக்காது என்று உஷாராணி பயந்தாள். அவள் பயத்தில் தப்பில்லை. எங்கள் ஊரைப் பற்றி எனக்கும் தெரியும்.

சித்திரையில் லீவு விட்டதும் பிள்ளைகள் நாள் எண்ண ஆரம்பித்தார்கள். அப்பா தினமும் வீட்டில் இருக்கிறார், லாரியிலும் போவதில்லை, இனி எதுதான் குறுக்கே வரும்? உஷாராணிதான் முடிவு செய்தாள். அவள் தம்பி மணிமாறன் கோழித்தீவனக் கம்பெனியில் விற்பனை பார்க்கிறவன், இருபத்தாறு வயது. பழைய கார் ஒன்று வாங்கி ஆறு மாதமாகியிருந்தது. பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா, நீ ஓட்டு, எல்லோரும் பம்பாய் போய் வருவோம் என்று தம்பியிடம் சொன்னாள். புருஷன் இப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கரைந்துபோவான் என்று அவளுக்குப் பயம். வெளியே கூட்டிப் போனால் பழைய மனுஷனாகிவிடுவான் என்று நம்பினாள். ஆனால் அவள் விவரமானவள். ரோட்டைப் பார்த்ததும் இவன் கை சும்மா இருக்காது என்றும் தெரியும்.

“நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாதுங்க. தொட மாட்டேன்னு பையன் தலையில கை வெச்சுச் சொல்லுங்க. அப்பத்தான் பொறப்படுவேன்.”

ஈஸ்வர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு வயது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சென்னியப்பன் அவன் உச்சந்தலையில் கையை வைத்து, தொட மாட்டேன் என்றான்.

புறப்பட்ட அன்றே கேள்வி வந்துவிட்டது. மணிமாறன் டிரைவர் சீட்டில் உட்கார, சென்னியப்பன் இடப்பக்கக் கதவைத் திறந்ததும் ஈஸ்வர் ரோட்டிலேயே நின்றுவிட்டான். அப்பா ஏன் அந்தப் பக்கம் உட்காருகிறார்? மாமா புதுசாக வாங்கின காராச்சே, கொஞ்ச தூரம் அவர் ஓட்டட்டும் என்று சமாதானம் சொல்லி ஏற்றினார்கள். கொஞ்ச தூரம் என்றால் எவ்வளவு? சேலம் வரைக்கும் என்றார்கள். சேலம் வந்தது, தர்மபுரி என்றார்கள். தர்மபுரியில் ஒசூர் என்றார்கள். தீபிகா ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் உரக்கப் படித்துவிட்டு அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். சென்னியப்பன் திரும்பவில்லை. அவன் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது.

வழி சொல்லும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். கைப்பேசியைப் பார்த்து ஓட்டலாமென்று மணிமாறன் சொன்னதற்கு, இந்த ரோட்டுக்கு எனக்கு மேப்பு எதற்கு என்று சிரித்தான். அங்கேதான் மானம் போனது. பதினெட்டு வருஷத்து லாரி ஞானத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தை அழைத்துப் போனால் என்ன ஆகும் என்பதை அன்று மத்தியானத்துக்குள் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். தும்கூர் தாண்டி அவன் சொன்ன தாபாவில் நிறுத்தினார்கள். கயிற்றுக் கட்டிலும் வறுத்த மிளகாயும் இருந்தன, பருப்பும் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் பெண் ஒருத்தி ஒதுங்குவதற்கு மறைவாக ஓர் இடம் இல்லை. தொட்டியடியில் பத்து டிரைவர்கள் ஜட்டியோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். உஷாராணி முந்தானையால் மகளின் கண்ணை மூடிக்கொண்டு காருக்குத் திரும்பினாள். அடுத்து அவன் சொன்ன இடமும் அப்படித்தான். அதற்கடுத்த இடத்தில் தொட்டியே இல்லை. லாரி நிறுத்த நிழல் எங்கே, பஞ்சர் போடுகிறவன் எங்கே, எந்த செக்போஸ்டில் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் எங்கே இறங்குவார்கள் என்பது அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவனுக்குத் தேவைப்படவே இல்லை. கடைசியில் மணிமாறன் தன் கைப்பேசியைப் பார்த்துச் சுத்தமான பெட்ரோல் பங்க் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினான். உஷாராணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சென்னியப்பன் அப்புறம் வழி சொல்லவில்லை.

சித்ரதுர்காவில் காற்றாடிகள் மட்டும் அவன் மானத்தைக் காப்பாற்றின. மலை மலையாக நின்று சுற்றின. ஈஸ்வர் எண்ணத் தொடங்கி நாற்பதில் குழம்பினான். ஆனால் மறுநாள் ஹரிஹர் பாலம் வந்தபோது தீபிகா இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்து, ஆறு எங்கே என்றாள். சென்னியப்பனுக்கும் தெரியவில்லை. கார் தாழ்ந்து கிடந்தது, பாலத்துச் சுவர் கண்ணளவுக்கு நின்றது. முன்னால் ஒரு டேங்கர், பக்கத்தில் ஒரு கன்டெய்னர். லாரியில் உட்கார்ந்தால் இதே பாலத்தில் தண்ணீர் தூரத்து வளைவு வரைக்கும் தெரியும். அவன் போனில் சொன்ன காட்சிகளெல்லாம் லாரி சீட்டின் உயரத்தில் இருந்தவை. அது அவனுக்கு அன்றுதான் உறைத்தது. பாலம் முடிந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினான். மகனைத் தோளில் ஏற்றி, மகளைக் கைகளில் தூக்கி, ரோட்டோரத்தில் நின்று ஆற்றைக் காட்டினான். கோடையில் பாறையும் ஒரு வாய்க்கால் தண்ணீரும்தான் இருந்தன. நன்றாக இருக்குதுங்கப்பா என்றாள் தீபிகா. அவளுக்கு அவ்வளவு நல்ல மனசு.

பம்பாய்க் கடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் சாயங்காலம் முழுக்க அலையில் குதித்தார்கள், மணல் தின்றார்கள், பேல்பூரி காரத்தில் அழுதார்கள். உஷாராணி முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்று சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். சென்னியப்பனுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தக் கடலுக்குப் பின்பக்கம் இருக்கும் மார்க்கெட்டில் நூறு தடவையாவது அவன் லோடு இறக்கியிருப்பான். கடலை அவனும் அன்றைக்குத்தான் பார்த்தான்.

திரும்பும்போது ஈஸ்வர் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வரும்போது அப்பா ஓட்டுவார் என்று யாரோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்கள். புனேயில் ஒரு தடவை காருக்குள்ளேயே உருண்டு அழுதான். அப்பாதான் ஓட்டணும், மாமா இறங்கணும். மணிமாறன் பாவம், அக்காவுக்காகத் தன் லீவையெல்லாம் போட்டுவிட்டு வந்தவன், திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினான். போதாததற்குப் புனேயில் சாப்பிட்ட மிசல் என்கிற காரமான பயறுக் குழம்பு அவன் வயிற்றைக் கலக்கிவிட்டது. கராட் வருவதற்குள் மூன்று தடவை நிறுத்தினான். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திச் சாவியைக்கூட எடுக்காமல் கழிவறைக்கு ஓடினான். உஷாராணி அவனுக்குச் சோடாவும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் வாங்க எதிர்க் கடைக்குப் போனாள். மத்தியான வெயில். காரில் சென்னியப்பனும் பிள்ளைகளும்.

ஈஸ்வர் பின்னாலிருந்து தாவி டிரைவர் சீட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தவன், பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பங்குக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் சிமெண்டுத் தளம் காலியாகக் கிடந்தது. அதன் கடைசியில் ஒரு வேப்பமரம். இருநூறு அடி இருக்கும்.

“அந்த மரம் வரைக்கும் போதுங்கப்பா. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்.”

சென்னியப்பன் கடைப்பக்கம் பார்த்தான். உஷாராணி முதுகு தெரிந்தது. அவன் இறங்கிச் சுற்றிவந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ஈஸ்வர் மடியில் ஏறிக்கொண்டான். தீபிகா தானாகவே முன்பக்கம் வந்து இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். முதுகை நேராக நிமிர்த்திக் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஐந்து வருஷமாகப் போனில் சொன்னது இப்படித்தான், பிள்ளைகள் பக்கத்தில், அப்பா ஸ்டியரிங்கில். சீட்டைப் பின்னால் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எழுந்தது. நாலு மாதமாகப் பில் எழுதி மரத்துப்போயிருந்த கைக்கு உயிர் வந்தது போலிருந்தது. கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியரைப் போட்டான். காலை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மகனின் உச்சந்தலை அவன் தாடைக்குக் கீழே இருந்தது. வேர்வையும் கடல் உப்புமாக வாசம் வந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அவனுக்கு ஞாபகம் வந்தது பட்டறையின் மூன்றாவது டயர். கம்பியால் தட்டினான், சத்தம் கேட்டது, அப்புறம் சடையன் முகம். நடுவில் ஒன்றுமே இல்லை. தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை, வரப்போகிறது என்று உடம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வேப்பமரத்துக்கும் எனக்கும் நடுவில் அது வராது என்று யார் சொன்னது? மடியில் பையன். கால் விறைத்தால் ஆக்சிலரேட்டர்தான் அழுந்தும். நாலு மாதமாக வரவில்லை, இன்றைக்கும் வராது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வராது. ஆசை அப்படித்தான் கணக்குச் சொன்னது. ஆசையா அது, பசி. சென்னியப்பன் பல்லைக் கடித்தான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியை அணைத்தான்.

“ஏனுங்கப்பா?” என்றான் ஈஸ்வர்.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உடம்புக்கு என்ன என்பாள் மகள். அவள் விடமாட்டாள், கடைசி வரைக்கும் கேட்பாள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவள் கண்ணில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாது சாமி.”

பையன் சிரித்தான். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தான். அப்பா சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். தீபிகா மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“லாரியாவது ஓட்டத் தெரியுங்களா?”

சென்னியப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். லாரி வேறு, இது வேறு என்று முணுமுணுத்தான். அது அவன் காதுக்கே பொய்யாகப் பட்டது.

“அப்புறம் ஏன் இத்தன வருசமா நாந்தான் ஓட்டுவேன், நாந்தான் ஓட்டுவேன்னு சொன்னீங்க?”

“சும்மா சொன்னேன் கண்ணு.”

எஞ்சின் சத்தம் கேட்டு ஓடிவந்த உஷாராணி சோடா பாட்டிலோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். கடைசிப் பேச்செல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. கத்துவதற்காகத்தான் ஓடிவந்தாள், கத்தவில்லை. பையன் மடியிலிருந்து இறங்கிப் பின்சீட்டுக்குப் போய்விட்டான். மகளும் போனாள். சென்னியப்பன் இறங்கியதும் உஷாராணி அவனைக் காருக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பிள்ளைகளிடம் நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே என்றாள்.

“சொன்னா எடம் மாத்திக்குவா உஷா,” என்றான்.

அவள் கட்டிய புருஷன் ரோட்டில் எத்தனையோ பேரைச் சமாளித்தவன், போலீஸ்காரனிடமும் வழிப்பறிக்காரனிடமும் தலை குனியாதவன். இப்போது ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பயந்துகொண்டு நடு மராட்டியத்தில் வெயிலில் நிற்கிறான். உஷாராணிக்கு அழுகை வந்தது. தம்பி வருவதைப் பார்த்துச் சோடாவைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து வீடு வரைக்கும் ஈஸ்வர் ஒரு தடவையும் அழவில்லை. மாமாவோடு சமாதானமாகிவிட்டான். சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு மாமா எப்படிக் கியர் மாற்றுகிறார் என்று கவனித்தான், கேள்வி கேட்டான், மாமா ஒரு டிரக்கை முந்தினால் கை தட்டினான். மணிமாறன் சங்கடப்பட்டு மச்சானின் முகத்தைப் பார்ப்பான். ரோட்டைப் பாருங்க மாப்ள என்பான் சென்னியப்பன். தீபிகா ஜன்னலில் தலை சாய்த்துக் கிடந்தாள். கோலாப்பூர் வந்தது, நிப்பாணி வந்தது, பெல்காம் வந்தது. ஒரு பலகையையும் அவள் படிக்கவில்லை. சித்ரதுர்காவில் காற்றாடிகள் வந்தபோது சென்னியப்பனே திரும்பி, கண்ணு, பார்த்தியா என்றான். பார்த்தேனுங்கப்பா என்றாள், தலையைத் தூக்காமல். பேருக்குக்கூட அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊரில் பையன் எல்லோரிடமும் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னான். எங்கப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, மாமாதான் பம்பாய் வரைக்கும் ஓட்டினார். பக்கத்து வீட்டுச் சாரதாமணி அக்கா அதைக் கேட்டுவிட்டு வாசலில் நின்று, “ஏனுங்க, இந்தியா பூரா லாரி ஓட்டுனவருக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்களா?” என்று சிரித்தாள். ஆமாங்க, அதெல்லாம் படித்தவர்கள் ஓட்டுகிற வண்டி என்று சென்னியப்பனும் சிரித்தான். டீக்கடையிலும் கேலி கொஞ்ச நாள் ஓடியது. அவன் எதையும் மறுக்கவில்லை. கேலி செய்கிறவர்கள் ஆபீஸ் நாற்காலியைப் பற்றிக் கேட்பதில்லை, மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த மட்டுக்கும் நல்லது என்று உஷாராணியிடம் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சென்னியப்பன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஈஸ்வர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டுக் கார் கட்டியிருந்தான். முன்னால் வலப்பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான், கையில் சாப்பாட்டுத் தட்டு. இடப்பக்கம் தீபிகா, மடியில் கதைப் புத்தகம். சென்னியப்பனுக்கு என்னவோ தோன்றியது. அப்பாவையும் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டான். ஈஸ்வர் யோசித்துவிட்டுப் பின்னால் கை காட்டினான்.

“நீங்க பின்னாடி உக்காருங்கப்பா. பயப்படாதீங்க, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

சென்னியப்பன் பின் நாற்காலியில் உட்கார்ந்தான். பையன் உதட்டால் எஞ்சினைக் கிளப்பினான். கிளட்சை மிதித்தான், கியரை மாற்றினான், கண்ணாடி பார்த்தான், எல்லாம் மாமாவிடம் பார்த்துக் கற்றுக்கொண்டபடி ஒழுங்காகச் செய்தான். கொஞ்ச தூரம் போனதும் அப்பா சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். தட்டைத் திருப்பிக்கொண்டே பின்னால் பார்த்துச் சொன்னான்.

“நான் பெருசானதும் உங்களுக்கு ஓட்டச் சொல்லித் தாரேனுங்கப்பா.”

“சரி சாமி,” என்றான் சென்னியப்பன். அவன் வலது கால் மறுபடி இல்லாத பிரேக்கைத் தேடியது. பையன் ஹாரன் அடிக்கிற மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை.